தாயோடு உட்கார்ந்து குழந்தையைப் பார்ப்பது: வீடு தேடிப் போகும் தென்னாப்பிரிக்கத் தமிழ்த் தொண்டர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஆள் வருவதில் குறையே இருக்காது. பெரியம்மா வருவார், கோயில் பெண்கள் வருவார்கள், பக்கத்து வீட்டு ஆயா (பாட்டியை இங்கே ஆயா என்போம்) பத்தியச் சாப்பாடு கொண்டு வருவார். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ஆலோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிப் போகிறவர்களில் சிலராவது ஆலோசனையை நிறுத்திவிட்டுத் தாயோடு உட்கார்ந்து குழந்தையைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கோயில் சங்கங்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் தொண்டு செய்கிறவர்களை நினைத்து எழுதியிருக்கிறேன். பெற்றவர்கள் படித்தாலும் பயன்படும்.

எந்தக் குழந்தைகளுக்கு இது அதிகம் தேவை? குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருந்து வந்த குழந்தை. மனச்சோர்வில் இருக்கும் தாயின் குழந்தை. பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்ணின் குழந்தை. அடி உதை நடக்கும் வீடு, சுகர்ஸ் என்ற மலிவான ஹெராயின் போதை புகுந்த வீடு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கணவனின் வேலைக்காக வந்து, அம்மா அக்கா யாரும் பக்கத்தில் இல்லாமல் ஃபிளாட்டில் தனியாக இருக்கும் பெண்ணின் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளைப் பார்த்தால் வசதியாக இருப்பது போலத்தான் தெரியும்.

முதலில் பிணைப்பைப் பற்றிக் கொஞ்சம்

பயந்தால், வலித்தால், களைத்தால் குழந்தை ஒருவரைத் தேடுகிறது. அவரிடம் ஆறுதல் கிடைத்தால் அமைதியாகி, மறுபடி உலகத்தைப் பார்க்கத் திரும்புகிறது. இந்த உறவைத்தான் பிணைப்பு என்கிறோம். ஜான் போல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் இதைக் கோட்பாடாக எழுதினார். மேரி ஐன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் தாய்மார்களின் வீடுகளுக்கே போய்க் கவனித்தார், பிறகு அமெரிக்காவில் பால்டிமோரிலும் அதைத் தொடர்ந்தார். குழந்தை அனுப்பும் குறிப்பைக் கண்டு, சரியாகப் புரிந்துகொண்டு, காலம் கடத்தாமல் பதில் கொடுக்கும் தாயின் குழந்தை பெரும்பாலும் பாதுகாப்பான பிணைப்போடு வளர்கிறது என்பது அவர் கண்டது. ஆப்பிரிக்க வீடுகளில் தொடங்கிய ஆராய்ச்சி என்பதை, ‘இதெல்லாம் வெள்ளைக்காரர் விஷயம்’ என்று சொல்கிறவர்களிடம் சொல்லலாம்.

பிணைப்பு தாய்ப்பாலைப் பொறுத்தது இல்லை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் அது முழுதாக உண்டாகும். ஒரே ஆளிடம்தான் உண்டாகும் என்பதும் இல்லை. அப்பா, ஆயா, தாத்தா என்று இரண்டு மூன்று பேரிடம் ஒரு குழந்தைக்குப் பிணைப்பு இருக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிணைப்பு பாதுகாப்பானதா இல்லையா என்பதைப் பயிற்சி பெற்றவர்கள், சுமார் 12 முதல் 18 மாத வயதில், அதற்கென்று உள்ள முறையில்தான் மதிப்பிடுகிறார்கள். ‘இந்தக் குழந்தைக்குப் பிணைப்பே இல்லை’ என்று ஒரு வீட்டில் நீங்கள் சொல்லிவிட்டு வந்தால், அந்தத் தாய் அதை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். அப்புறம், ‘பிணைப்புச் சிகிச்சை’ என்ற பெயரில் குழந்தையைப் பலவந்தமாக இறுக்கிப் பிடித்துவைக்கும் முறைகளை இணையத்தில் பார்த்தால் தூர விலகுங்கள். அது ஆபத்தானது.

கயலிட்ஷாவில் நடந்தது

இந்த வேலைக்கு மனநல நிபுணர்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குக் கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷா என்ற ஏழைக் குடியிருப்பு பதில் சொல்கிறது. பீட்டர் கூப்பர், மார்க் டாம்லின்சன், லின் மர்ரி உள்ளிட்டோர் அங்கே நடத்திய ஆய்வு 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 449 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேர் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் போனார்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான், பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர்கள். பிரசவத்துக்கு முன் 2 முறை, பிறந்த பின் 8 வாரம் வாராவாரம், அடுத்த 2 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி 2 மாதம் மாதம் ஒருமுறை. ஆக 16 வருகை.

குழந்தைகளுக்கு ஒன்றரை வயதானபோது பார்த்தார்கள். வருகை பெற்ற குழந்தைகளில் 74 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பான பிணைப்பு இருந்தது, மற்றவர்களில் 63 சதவீதம். பதினொரு சதவீதம்தானா என்று தோன்றலாம். தகரக் கொட்டகையும் வேலையின்மையும் அப்படியே இருக்க, வெறும் 16 வருகை இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு அது பெரிதாகத்தான் படுகிறது. இங்கே சொல்லும் ஒழுங்கு பெரும்பாலும் அந்த அட்டவணையைப் பின்பற்றியது. மற்ற முறைகளிலிருந்தும் இரண்டொன்றை எடுத்துச் சேர்த்திருக்கிறேன்.

படி 1: போவதற்கு முன்

தனியாகத் தொடங்காதீர்கள். உங்கள் பகுதிக் கிளினிக்கின் நர்ஸ் ஒருவருக்கும் சமூகப் பணியாளர் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். வாரம் ஒருமுறை நீங்கள் பார்த்ததைக் கேட்டு வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். இந்த வேலையில் மனம் களைத்துப்போகும், அதற்கும் அவர்தான் துணை.

வீட்டில் அரிசி இல்லாதபோது குழந்தையின் பார்வையைப் பற்றிப் பேசுவது அபத்தம். சாப்பாடு, அரசின் குழந்தை மானியத்துக்கு மனு, பிறப்புப் பதிவு, இவற்றை முதலில் கேளுங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் 1994 முதல் இலவசம் என்பதைத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாகத் தெரிந்தாலும் அன்றைக்கு வேறு பேச்சு வேண்டாம். நேரே மருத்துவமனை.

படி 2: பிரசவத்துக்கு முன் இரண்டு வருகை

இந்த இரண்டும் தாயைப் பற்றியவை. ‘சின்ன வயசில் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யாரிடம் போவீர்கள்?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் சிரிப்போடு வரலாம், வராமலும் போகலாம். குழந்தைகளின் மனநலத் துறைக்கு அடிப்படை போட்ட செல்மா ஃப்ரைபர்க் 1970-களிலேயே சொன்னது, பெற்றோரின் பழைய காயங்கள் குழந்தை அறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது. அந்தக் காயத்தைத் தோண்டுவது உங்கள் வேலை இல்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

முன்பு கரு கலைந்திருக்கிறதா, குழந்தை தவறியிருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். ஒரு இழப்புக்குப் பின் பிறக்கும் குழந்தையை நெருங்கச் சிலர் பயப்படுவார்கள். எச்ஐவி பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம், அது அவளுக்கும் கிளினிக்குக்கும் இடையில் உள்ளது. அவளே சொன்னால் ரகசியம் காப்பாற்றுங்கள். ரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: ‘உங்கள் உயிருக்கோ குழந்தை உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் சமூகப் பணியாளரிடம் சொல்வேன், உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.’

படி 3: குறைமாதக் குழந்தை என்றால்

கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த குழந்தையைப் பல நாள் தொடக்கூட விடாமல் தாய் வெளியே நின்றிருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் அது நர்ஸுடைய குழந்தை என்ற நினைப்பு அவளுக்குள் ஓடும். இதற்கு நல்ல மருந்து கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத நிலையில் தொடங்கிவைத்தது. குறைமாதத்திலோ குறைந்த எடையிலோ பிறந்த எல்லாக் குழந்தைக்கும், பிறந்தது முதலே, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

செய்முறை: குழந்தைக்கு நாப்பி, தொப்பி, காலுறை மட்டும். தாயின் மார்புகளுக்கு நடுவே, தோலோடு தோல் ஒட்ட, நிமிர்ந்த நிலையில் வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் மறையாமல், தாடை நெஞ்சில் இடிக்காமல் இருக்க வேண்டும். கால்கள் தவளைக் கால் போல மடங்கியிருக்கும். பழைய வாயில் சேலைத் துணியால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, மேலே சட்டை. தாய் சாய்ந்து உட்காரலாம், நடக்கலாம். குளிக்கப் போகும் நேரத்தில் அப்பாவோ ஆயாவோ ஏந்திக்கொள்ளலாம்.

குறைமாதக் குழந்தையின் குறிப்புகள் மெலிசானவை. விரல்களை விசிறி மாதிரி விரிப்பது, கொட்டாவி, தும்மல், விக்கல், முகத்தைத் திருப்பிக்கொள்வது, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, இதெல்லாம் ‘கொஞ்சம் நிறுத்து, தாங்க முடியவில்லை’ என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். தாய் இதை ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்வாள். ஒரே நேரத்தில் பாட்டு, ஆட்டம், பார்வை என்று எல்லாம் வேண்டாம், ஒன்று போதும் என்று காட்டிக்கொடுங்கள். வயதையும் பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தை நான்கு மாதத்தில் இரண்டு மாதக் குழந்தை மாதிரிதான் இருக்கும்.

படி 4: முதல் எட்டு வாரம்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி, இங்கே அவசரப்படக் கூடாது. பிறந்த குழந்தைக்கு என்னவெல்லாம் முடியும் என்பதைத் தாய் தன் கண்ணால் பார்க்கும்படி செய்வதுதான் குறி. பெரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதிக்க வகுத்த முறையிலிருந்து கயலிட்ஷாவில் சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் செய்யலாம்.

குழந்தை தூங்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று கிலுகிலுப்பையை மெதுவாக ஆட்டுங்கள். முதல் முறை உடம்பு திடுக்கிடும். சில முறை ஆட்டியதும் அசைவு குறையும். வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டுத் தூங்க அதற்குத் தெரிகிறது என்று தாய்க்குச் சொல்லுங்கள். விழித்து அமைதியாக இருக்கும் நேரத்தில், முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் தாய் தன் முகத்தைக் கொண்டுவந்து, மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தட்டும். கண் பின்தொடரும். பிறகு நீங்கள் ஒரு காதருகே, தாய் மறு காதருகே நின்று, இருவரும் ஒரே சமயத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். குழந்தை பெரும்பாலும் தாய்ப் பக்கம் திரும்பும். திரும்பாவிட்டால் பசியோ தூக்கமோ இருக்கும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுங்கள்.

ஒரு வருகை எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி. தாய் குழந்தையை மடியில் போட்டிருக்கிறாள், கையில் ஃபோன். குழந்தை ஒருமுறை ‘ங்ங’ என்கிறது. அவள் பார்க்கவில்லை. நீங்கள் அவளைப் பார்த்து எதுவும் சொல்லாமல், குழந்தையைப் பார்த்துச் சொல்கிறீர்கள்: ‘அம்மாவைக் கூப்பிடுகிறாயா நீ?’ அவள் குனிகிறாள். குழந்தையின் புருவம் உயர்கிறது, வாய் குவிகிறது, கால் உதைக்கிறது. ‘என்னடா, என்ன?’ என்கிறாள். மறுபடி ‘ங்ங’. இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ‘பாத்தியாம்மா, நீ குனிஞ்சதும் கால் எப்படி உதைச்சுதுன்னு. உன் குரல் அதுக்குத் தெரிஞ்சிருக்கு.’ பக்கத்தில் இருக்கும் ஆயா, ‘ஃபோனைக் கீழே வை’ என்று தொடங்கினால், ‘ஆயா, நீங்களும் பாருங்க, உங்க பேரன் பேசுறான்’ என்று அவரையும் உள்ளே இழுத்துவிடுங்கள்.

குழந்தை செய்தது, தாய் செய்தது, அதனால் நடந்தது: மூன்றையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில், அது நடக்கிற நேரத்திலேயே சொல்வது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர், துன்பப்பட்ட குழந்தைகளை வளர்ப்பவர்களுக்காக உருவாக்கிய பத்து வருகைத் திட்டம் பெரிதும் இந்த உத்தியை நம்பியிருக்கிறது. அழும்போது ஆறுதல், விளையாடும்போது குழந்தை காட்டும் வழியில் போவது, பயமுறுத்தாமல் இருப்பது என்ற மூன்றையே அது வலியுறுத்துகிறது. பேச்சு எந்த மொழியில் நடந்தாலும் பரவாயில்லை. இங்கே இளம் தாய்மார் பலருக்கு ஆங்கிலம்தான் வருகிறது, குழந்தையிடம் அவர்கள் எதில் கொஞ்சுகிறார்களோ அதிலேயே கொஞ்சட்டும். தாலாட்டு ஆயாவுக்குத் தெரிந்தால் போனஸ்.

காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வழக்கம் இதற்கு அருமையான தருணம். ஆனால் அழுத்தி உருவுவது, மூக்கைப் பிடித்து நீவுவது, காதில் எண்ணெய் விடுவது வேண்டாம். மிதமான கையும், முகம் பார்த்த பேச்சுமாக அது நடந்தால் அந்த வீட்டில் உங்கள் பாதி வேலை முடிந்தது.

படி 5: அழுகை

‘தூக்கித் தூக்கிப் பழக்கிடாதே’ என்பது எல்லா வீட்டிலும் கேட்கும். பெரியவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது, ஜெயித்தால் அந்த வீட்டுக்குள் அப்புறம் போக முடியாது. ‘நீங்க வளர்த்தபோது எப்படிச் சமாதானம் பண்ணீங்க?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் தூக்கித்தான் சமாதானம் செய்திருப்பார். முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கொடுப்பதால் குழந்தை கெட்டுப்போவதில்லை. கூப்பிட்டால் வருவார்கள் என்று அது கற்றுக்கொள்கிறது.

பிறந்த ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சத்துக்குப் போய், பிறகு குறையும் என்று தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என்ன செய்தும் நிற்காத அழுகையில் கை ஓங்கத் தோன்றினால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சில நிமிடம் மூச்சு வாங்கட்டும், யாரையாவது கூப்பிடட்டும். குலுக்கவே கூடாது. குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். இதை அப்பாவிடமும் நேராகச் சொல்லுங்கள்.

படி 6: ஃபோனில் எடுத்த காட்சி

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஃபெம்மி யூஃபர், மரியான் பேக்கர்மான்ஸ்-கிரானன்பர்க், மரினஸ் வான் ஐசண்டோர்ன் மூவரும் வளர்த்த வீடியோ முறை இது. இதே லெய்டன் குழு 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லாவற்றையும் தொட முயலும் நீண்ட திட்டங்களைவிட, தாயின் கவனிப்பை மட்டும் குறிவைத்த குறுகிய திட்டங்களே நன்றாக வேலை செய்தன.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகு செய்யலாம். அனுமதி கேட்டு, தாயின் ஃபோனிலேயே, குளிப்பாட்டுவதையோ விளையாடுவதையோ பத்து நிமிடம் எடுங்கள். இருவர் முகமும் தெரிய வேண்டும். அவளோடு உட்காருவதற்கு முன் நீங்கள் தனியாகப் பார்த்து, அவள் குழந்தையின் குறிப்புக்குச் சரியாகப் பதில் கொடுத்த சில நொடிகளைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு சோர்ந்த தாயிடமும் இரண்டு இடமாவது கிடைக்கும். அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, குழந்தையின் சார்பில் நீங்கள் பேசுங்கள்: ‘இங்கே நான் திரும்பிக்கிட்டேன், அம்மா காத்திருந்தாங்க, அதனால மறுபடி பார்த்தேன்.’ குறை தெரியும் காட்சியை முதல் சில முறை தொடவே தொடாதீர்கள். பதிவு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படி 7: தாயின் மனம்

கயலிட்ஷாவில் 1999-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிரசவமான இரண்டு மாதத்தில் 34.7 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு இருந்தது. மூன்றில் ஒருவர். நம் வீடுகளில் இதைக் ‘களைப்பு’, ‘கண்ணு பட்டுருச்சு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கிளினிக்குகளில் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாள் உண்டு, கடந்த 7 நாளைப் பற்றிக் கேட்கும். நீங்கள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் இரண்டைக் கேளுங்கள்: ‘குழந்தை தூங்கும்போதாவது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?’ ‘செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா?’ இரண்டாவதைக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். ஆம் என்றால் அவளைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சடாக் என்ற மனநல அமைப்பின் இலவச எண் 0800 567 567. குழந்தையைக் கொல்லச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாததைப் பேசினாலோ அது அவசர நிலை.

2009 ஆய்விலும், தாய்-சேய் உறவு மேம்பட்ட அளவுக்கு மனச்சோர்வு நோய் குறையவில்லை. உங்கள் வருகை சிகிச்சைக்கு மாற்று ஆகாது. சிகிச்சை எடுப்பவளுக்கும் உங்கள் வருகை தேவைப்படும்.

படி 8: வீட்டில் மற்றவர்கள்

பெற்றவள் சுகர்ஸில் சிக்கியிருந்தால் பெரும்பாலும் ஆயாதான் குழந்தையை வளர்க்கிறார். அப்போது உங்கள் ஆள் ஆயா. இதே படிகளை அவரோடு செய்யுங்கள், வளர்ப்பு மானியத்துக்குச் சமூகப் பணியாளர் வழியாக நீதிமன்றம் போக உதவுங்கள். மகள் தெளிவாக வரும் நாட்களில் குழந்தையோடு சிறிது நேரம் ஆயாவின் கண்பார்வையில் இருக்கட்டும். இதில் ஆயாக்களின் கோபம் நியாயமானது, அதைக் கேட்காமல் அறிவுரை சொல்லாதீர்கள்.

அப்பாக்களை ‘நீங்கள் வெளியே இருங்கள்’ என்று நாமே ஒதுக்குகிறோம். குளியல் அல்லது மாலை நேரத் தூக்கம், ஒன்றை அவர் பொறுப்பாக்கச் சொல்லுங்கள். அவர் அடிக்கிறவர் என்று தெரிந்தால் இது பொருந்தாது. முதலில் தாயின் பாதுகாப்பு, அவர் இருக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

படி 9: இடைவெளி விட்டு விலகுவது

இரண்டு மாதத்துக்குப் பின் வருகை குறைகிறது. பிரசவ விடுப்பு முடிந்து தாய் வேலைக்குப் போகும் நேரமும் இதை ஒட்டித்தான் வரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரைச் சில நாள் முன்பே வீட்டில் பழகவிடுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் தாய் நகர்ந்தாலே அழும். ‘ரொம்ப ஒட்டிக்கிச்சு’ என்று குறை சொல்வார்கள், அது பிணைப்பு நன்றாக உருவாவதன் அறிகுறி. தெரியாமல் நழுவிப் போவதைவிட, ‘அம்மா போய்ட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போவதும், சொன்னபடி திரும்பி வருவதும் நல்லது. கண்ணாமூச்சி விளையாட்டு இதற்கு நல்ல பயிற்சி.

கடைசி வருகை எப்போது என்பதை மூன்று வருகைக்கு முன்பே தாயிடம் சொல்லிவிடுங்கள். தன்னை விட்டுப் போனவர்கள் நிறையப் பேரைப் பார்த்தவளாக இருக்கலாம், திடீரென நின்றுபோனால் அந்தப் பட்டியலில் நீங்களும் சேர்வீர்கள். அன்று குழந்தையின் ரோடு டு ஹெல்த் புத்தகத்தை (தடுப்பூசியும் வளர்ச்சியும் குறிக்கும் கிளினிக் புத்தகம்) எடுத்துவைத்து, அடுத்த தடுப்பூசித் தேதியைச் சேர்ந்து பாருங்கள். வளர்ச்சிப் பக்கங்களில் குழந்தைக்கு வந்துவிட்டவற்றை அவளே குறிக்கட்டும். உறவு வேறு வடிவில் தொடரும், கோயிலில் பார்ப்பீர்கள், கடையில் பார்ப்பீர்கள். பார்க்கும்போது முதலில் குழந்தையிடம் பேசுங்கள்.